எழுத்துக்கூட்டும் மூளை

'படகு' என்ற சொல்லில் மூன்றே எழுத்துகள். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்து அறிவதற்கு முன்பே நாள்தோறும் பார்க்கிற பொருள். படித்துப் பழகிய பெரியவருக்கு இந்தச் சொல்லைக் கண்டு பொருள் உணர அரை நொடிகூடத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நிமிடம் ஆகலாம். விரலை எழுத்தின் மேல் வைத்து, உதடு அசைய, 'ப… ட… கு…' என்று கூட்டி, நடுவில் நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் கண் விரிய 'படகு!' என்று சொல்லும். அந்த அரை நிமிடத்தில் அதன் தலைக்குள் நடப்பவை நம்ப முடியாத அளவுக்கு நுட்பமானவை.

கல்பாக்கம் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பயிற்சிக் காலம் தரும் பெரிய வாய்ப்பு, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அவர்கள் படிப்பதைக் காதால் கேட்பது. பிள்ளை சரியாகப் படித்துவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. தடுக்கும் இடத்தில்தான் வாசிப்பின் உள்வேலை வெளியே தெரிகிறது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வியப்பு: மனித மூளையில் வாசிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் கிடையாது. பேச்சு மனிதரோடு மிக நீண்ட காலமாக இருக்கிறது. பேச்சைக் கேட்டு வளரும் குழந்தை யாரும் பாடம் நடத்தாமலே பேசிவிடும். எழுத்தோ நேற்று வந்தது. உலகின் மிகப் பழைய எழுத்துகளுக்கே சுமார் 5,000 ஆண்டுதான் வயது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குன்றில், முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரையில் தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 1,400 ஆண்டு. மூளையில் ஒரு புதிய உறுப்பு உருவாக இந்தக் காலம் போதவே போதாது.

அப்படியானால் எதைக் கொண்டு படிக்கிறோம்? பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் இதற்கு 'நரம்பு மறுபயன்பாடு' என்று விடை சொல்கிறார். முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணப் பயன்பட்டு வந்த மூளைப் பகுதியில் ஒரு பங்கை எழுத்துக்காகத் திருப்பிவிடுகிறோம் என்பது அதன் சாரம். அந்த இடம் மூளையின் இடப்பக்கத்தில், பின்புறமாக, அடிப்பகுதியில் இருக்கிறது. அதை அவர் மூளையின் எழுத்துப்பெட்டி என்கிறார். 2010-ல் அவருடைய குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், முதிர்ந்த வயதில் கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் என்று பலரின் மூளையை ஒப்பிட்டது. படிக்கக் கற்றவர்களிடம் அந்த இடம் எழுத்துக்கு எழுந்து நின்றது. சீனம் படிப்பவரானாலும் ஆங்கிலம் படிப்பவரானாலும் ஏறக்குறைய அதே இடம்தான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் பிள்ளையின் மூளையில் ஒரு பகுதியை உண்மையாகவே மாற்றி அமைக்கிறார்.

கடன் வாங்கிய உறுப்பு தன் பழைய வழக்கத்தையும் கூடவே கொண்டுவரும். இடப்பக்கம் பார்த்து நிற்கும் மாடும் வலப்பக்கம் பார்த்து நிற்கும் மாடும் ஒரே மாடுதான். அப்படிப் பார்ப்பதே மூளைக்கு வசதி. அதனால்தான் பிள்ளைகள் எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இது பெரிய தொல்லை. அங்கே 'பி'யும் 'டி'யும் சிறிய வடிவத்தில் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். தமிழில் அப்படிப்பட்ட இரட்டைகள் இல்லை. மொழியியலாளர் எரிக் பீடர்சன் தமிழர்களிடம் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஓர் அழகான முடிவைத் தந்தது. தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர்கள் ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார்கள். தமிழ் மட்டும் படித்தவர்களோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப்போலவே இரண்டையும் ஒன்றாகக் கொண்டார்கள். எந்த எழுத்தைக் கற்கிறோம் என்பது, உருவங்களைப் பார்க்கும் முறையையே மாற்றிவிடுகிறது!

கண்ணுக்கு அடுத்து காது. பேச்சு இடைவெளி இல்லாமல் ஓடும் ஒலி. அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்பது கற்றால்தான் தெரியும். 1979-ல் ஜோஸே மொராய்ஸ் என்ற அறிஞரின் குழு போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லும்படி கேட்டது. பேச்சில் எந்தக் குறையும் இல்லாத அவர்களில் பெரும்பாலோருக்கு அது முடியவில்லை. வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்கள் செய்துகாட்டினார்கள். ஒலியைப் பிரிக்கும் திறனை எழுத்தே கொடுக்கிறது.

இங்கே தமிழ் எழுத்து பிள்ளைக்கு ஒரு படி இறங்கி வந்து உதவுகிறது. 'ப' என்பது ப் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்த ஓர் அசை, அதாவது வாய் ஒருமுறை திறந்து மூடும் அளவு ஒலி. கைதட்டிக்கொண்டே 'ப-ட-கு' என்று சொல்ல நான்கு வயதிலேயே முடியும். இந்தச் சொல்லில் எழுத்தின் எல்லையும் கைதட்டலின் எல்லையும் ஒன்றாகவே விழுகின்றன. ப் + அ என்று அதற்குள்ளே புகுந்து பிரிப்பது அடுத்த படி.

அந்த அடுத்த படியில் நம் எழுத்தின் கணக்கு வருகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. ஆங்கிலப் பிள்ளைக்கு 26-தான். பெரிய வடிவம், சிறிய வடிவம் இரண்டையும் சேர்த்தாலும் 52. ஆனால் 247-ஐயும் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 18 மெய்யின் உருவம், 12 உயிர், ஆய்தம், புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு, கொம்பு வகைகள், இவற்றுக்குள் அடங்காமல் எழுத்துக்கு எழுத்து மாறும் உகர ஊகார வரிசையின் 36 வடிவங்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 75 உருவங்களே மொத்த அமைப்பையும் சுமக்கின்றன. 'கா, மா, பா' தெரிந்த பிள்ளை யாரும் சொல்லித் தராத 'ழா'வைத் தானாகப் படிக்கும் நாள் ஒன்று வரும். அன்று அதன் மனத்துக்குள் பட்டியல் கலைந்து விதி பிறந்துவிட்டது.

உகரமும் ஊகாரமும் மட்டும் அந்த விதிக்குக் கட்டுப்படா. கு, து, பு, மு நான்கையும் எழுதிப் பாருங்கள். ஒரே ஒலியைச் சேர்க்க நான்கு வெவ்வேறு வழி. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக், இப்படி விரிந்த எழுத்துத் தொகுதியைக் கொண்ட இந்திய மொழிகளில் எழுத்து முழுமையாகப் படிய நான்காம் வகுப்பு வரைகூட ஆகும் என்று காட்டினார். இரண்டாம் வகுப்பில் 'ளூ'வைப் பார்த்துத் திகைக்கும் பிள்ளையை மந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பாதையே நீளமானது.

அடுத்து கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது க் முதலில் ஒலிக்கிறது, எ பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் உயிரின் அடையாளம் மெய்யின் இரண்டு பக்கத்திலும் பிரிந்து நிற்கிறது. ஆக, பிள்ளையின் கண் கொம்பைப் பார்த்து, அதை மனத்தில் நிறுத்தி, மெய்யைத் தாண்டி, பின்னால் துணைக்கால் இருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகே வாயைத் திறக்க வேண்டும். துணைக்காலைக் கவனிக்காத பிள்ளை 'கொடி'யைக் 'கெடி' என்று படிக்கும். அந்தப் பிள்ளையிடம் 'ஒழுங்காகப் பார்' என்பதால் பயனில்லை. 'கொம்பைப் பார்த்தால் பின்பக்கமும் பார்' என்று சொன்னால் போதும். பல நேரம் அதே நாளில் சரியாகிவிடுகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க நம் முன்னோர் செய்த வேலையும் பெரிது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணிப் புள்ளி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் க-வும் க்-கும் ஒரே உருவத்தில் கிடந்தன. எ, ஏ வேறுபாடும் அப்படியே மங்கிப்போயிற்று. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. படிப்பவர் பொருளை வைத்தே ஒலியை முடிவுசெய்தார். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவத்திலேயே தெளிவாக்கினார். 1935-ல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் தனி வடிவங்களைக் கைவிட்டு மற்றவற்றைப்போல் எழுதத் தொடங்கினார். 1978-ல் தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது. இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'மலை'யைச் சிக்கலின்றிப் படிப்பதற்குப் பின்னால் 43 ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது.

இப்போது மீண்டும் 'படகு'. ப, ட, கு மூன்றையும் தனித்தனியே அழுத்திச் சொல்லி வேகமாகச் சேர்த்துப் பாருங்கள். வருவது 'பட்டக்கு' போன்ற ஓர் ஒலி. அப்படி ஒரு சொல்லே இல்லை! நாம் படகு என்று சொல்லும்போது ட-வும் க-வும் மென்மையாகின்றன. தொண்டையில் விரல் வைத்து 'பக்கம்' என்றும் 'தங்கம்' என்றும் சொல்லுங்கள். இரண்டாவது சொல்லின் க-வில் அதிர்வு விரலுக்குத் தெரியும். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின்னும் இரு உயிருக்கு நடுவிலும் மெல்லோசை என்பது தமிழின் பொதுவான ஒழுங்கு. இந்தி எழுத்தில் க-வின் இடத்துக்கு நான்கு தனி எழுத்துகள் உண்டு. தமிழ் ஒரே 'க'வை வைத்து, மிச்சத்தைப் படிப்பவரின் காதுக்கு விட்டுவிட்டது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த இலக்கணம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பேச்சைக் கேட்டே அது முழு விதியையும் உள்வாங்கி வைத்திருக்கிறது. 'பட்டக்கு' என்று கூட்டிவிட்டு ஒரு கணம் நிற்கும் பிள்ளை, அந்த ஒலியைத் தனக்குத் தெரிந்த சொற்களோடு ஒப்பிட்டுத் தேடுகிறது. பொருந்தும் சொல் கிடைத்ததும் முகம் மலர்கிறது. சொல்லை முன்பே கேட்டறியாத பிள்ளைக்கு அந்தப் பொருத்தம் கிடைக்காது. நிறையக் கதை கேட்ட பிள்ளை விரைவில் படிக்கக் காரணம் இதுதான்.

மூன்றாம் எழுத்தில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று 'குடை' என்று சொன்னால் உதடு குவியும். 'படகு' என்று முடிக்கும்போது குவியாது. எழுத்து ஒன்றுதான், ஆனால் இந்தக் கடைசி உகரம் அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரம். கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு வகுத்திருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. படம், பாடம், கல், கால், கொடு, கோடு என்று நேரத்தை நீட்டினால் பொருளே மாறும் மொழி நமது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பு என்று வகுப்பில் ஆடிக்காட்டும்போது, அந்தப் பழைய அளவுகோல் பிள்ளைகளின் உடம்பிலேயே ஏறிவிடுகிறது.

எழுத்தும் ஒலியும் கைவந்தபின் வேகம் என்ற சிக்கல் எழுகிறது. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. கூர்மையாகத் தெரியும் பரப்போ, கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறு சாளரத்தில் கிடைத்ததை வேலைசெய் நினைவு, அதாவது அந்த நேரத்துக்கு மட்டும் மனத்தில் வைத்திருக்கும் நினைவு, தாங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கே அதில் ஒரே சமயத்தில் நான்கைந்து செய்திதான் நிற்கும். 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல்லில் 14 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டும் பிள்ளைக்கு முடிவை எட்டுமுன் தொடக்கம் மறந்துவிடும். 'படித்து', 'கொண்டு', 'இருந்தார்கள்' என்ற துண்டுகள் கண்ணுக்குப் பழகிவிட்டால் அதே சொல் மூன்றே செய்தியாகிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று தேசிய அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். நொடிக்கு ஒரு சொல்! தமிழ்ச் சொல்லின் நீளத்தை நினைத்தால் அதன் பின்னுள்ள உழைப்பு புரியும்.

இத்தனைக்கும் மேல், பிள்ளை பேசும் தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் வேறொன்று. செங்கல்பட்டுக் கடற்கரையில் 'வந்துக்கினு இருக்கான்' என்பதே பேச்சு. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்'. குப்பத்துப் பிள்ளை கட்டுமரத்தை 'மரம்' என்றுதான் அறியும். ஒரே வகுப்பில் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் அணுமின் நிலைய வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் பக்கத்தில் உட்காரக்கூடும். 'வந்தது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 'வந்துச்சு' என்று படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது எழுத்தைத் தவறவிட்டிருக்கலாம். ஆனால் பொருளைப் பிடித்து, தன் மொழிக்கு மாற்றி, வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பாராட்டிவிட்டு 'புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறது பார்' என்று காட்டும் ஆசிரியர், பிள்ளையின் வீட்டு மொழியைத் தாழ்த்தாமலே இன்னொரு மொழிநடையைத் தருகிறார்.

கைக்கும் இதில் பங்குண்டு. 2012-ல் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துகளைக் கையால் எழுதவும் விசைப்பலகையில் தட்டவும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். கையால் எழுதிய எழுத்துகளைக் கண்டபோதுதான் வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் விழித்தன. நம் திண்ணைப் பள்ளிகள் இதை மணலில் செய்துவந்தன. 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறையையும் அதோடு இணைத்தார். 1797-ல் அவர் எழுதி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படியில் இருப்பதில்லை என்ற உண்மையும் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி, ஒவ்வொரு பிள்ளையும் அட்டை அட்டையாகத் தன் வேகத்தில் ஏணியில் ஏற வழிசெய்தது. கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிற்கும் படியைப் பார்த்து அதற்கேற்ற பயிற்சி நூலைத் தந்தது இத்திட்டம். 'ப' என்ற உருவத்தோடு போராடும் பிள்ளைக்கும் 14 எழுத்துச் சொல்லோடு போராடும் பிள்ளைக்கும் வெவ்வேறு மூளை வேலை நடக்கிறது. ஒரே பாடம் இருவருக்கும் பொருந்தாது.

முதலில் சொல்லித் தரும் எழுத்துகளின் தேர்விலும் கணக்கு இருக்கிறது. பல பள்ளிகளில் அ, ஆ-வுக்கு முன் ட, ப, ம என்று தொடங்குவார்கள். எழுத எளிய கோடுகள். இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதல் வாரங்களிலேயே 'எனக்குப் படிக்க வருது' என்ற நம்பிக்கை பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது.

இவை தெரிந்தபின் வகுப்பில் கேட்கும் தவறுகள் வேறுவிதமாகக் காதில் விழுகின்றன. 'படகு' என்பதைப் 'பாடகு' என்றால் மாத்திரையில் கவனம் வேண்டும். 'படது' என்றால் உகர வடிவம் இன்னும் படியவில்லை. 'பட்டக்கு' என்று நின்றுவிட்டால் எழுத்து சரி, சொல் எட்டவில்லை; பிள்ளையோடு படகைப் பற்றிப் பேச வேண்டும். படத்தைப் பார்த்து 'கப்பல்' என்றால் எழுத்தைப் பார்க்காமல் ஊகிக்கிறது. விரலை முதல் எழுத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நான்கு தவறுக்கும் நான்கு மருந்து. நான்குக்கும் பொதுவாக 'பத்து தடவை எழுது' என்பது எதையும் தீர்க்காது.

ஆசிரியர் பயிற்சிக்கு வரும்போது மேல்வகுப்பு கிடைத்தால் கௌரவம், ஒன்றாம் வகுப்பு என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்ற எண்ணம் எங்களில் பலரிடம் இருந்தது. பார்த்தபின் எனக்கு அந்த எண்ணம் தலைகீழாகிவிட்டது. கண், காது, வாய், கை, நினைவு, வீட்டுப் பேச்சு ஆறையும் ஒரே இழையில் கோத்து, பிறவியில் இல்லாத ஒரு திறனை மூளைக்குள் உருவாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. பள்ளியில் மிக அனுபவமுள்ள ஆசிரியரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் உரக்கப் படிப்பதை அவர் தனித்தனியே கேட்க நேரம் தர வேண்டும். பிற்பாடு அந்தப் பிள்ளை படிக்கப்போகும் அறிவியலும் வரலாறும் கணக்கும் அந்த நேரத்தில் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கும்.